ஓடும் காரை ஓடுகிற மாதிரியே எடுங்கள்: கேமரா கேள்வி பதில்

போன இதழில் குட்வுட் ரிவைவல் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன, மற்றவை அடுத்த இதழுக்கு. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம்: இங்கிலாந்தின் தெற்கே சிச்செஸ்டர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது குட்வுட் பந்தயத் தடம். இரண்டாம் உலகப்போர் கால விமானத்தளத்தைச் சுற்றிப் போட்டிருந்த சாலைதான் 1948-ல் பந்தயத் தடமானது, 1966-ல் பந்தயம் நின்றுபோனது. 1998-லிருந்து செப்டம்பர் மாதத்தில் மூன்று நாள், அந்தக் காலத்தில் அங்கே ஓடியிருக்கக்கூடிய கார்களைக் கொண்டுவந்து மறுபடியும் பந்தயம் நடத்துகிறார்கள். ஊர்வலம் இல்லை, கண்காட்சி இல்லை, நிஜமாகவே முட்டி மோதிக்கொண்டு ஓட்டுகிறார்கள். பார்க்க வருபவர்களும் அந்தக் காலத்து உடுப்பில்தான் வருவார்கள்.

சரி, கேள்விகளுக்குப் போவோம்.

போன கோடையில் சில்வர்ஸ்டோனில் பழைய கார் பந்தயம் பார்க்கப் போனேன். கார் வேகமாகப் போகிறதே என்று ஷட்டரை 1/2000-ல் வைத்து எடுத்தேன். எல்லாப் படமும் நல்ல ஷார்ப். ஆனால் என் மனைவி பார்த்துவிட்டு, "காரையெல்லாம் ஏன் ரோட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்கிறார். எங்கே தப்பு?
*வாசகர், ஹாரோ, லண்டன்*

உங்கள் மனைவியின் கண் சரியான கண். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் 33 மீட்டர் நகர்கிறது. 1/2000 விநாடியில் அது நகர்வது 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் என்று வைத்தால், உங்கள் ஷட்டர் திறந்து மூடுவதற்குள் சக்கரம் நூறில் ஒரு பங்குகூடச் சுற்றவில்லை. பழைய கார் என்பதால் கம்பிச் சக்கரம் வேறு, ஒவ்வொரு கம்பியையும் எண்ணிவிடலாம். அப்புறம் அது நிற்கிற கார்தானே?

1/125-க்கு இறங்கினால் அதே கார் 27 சென்டிமீட்டர் நகரும், சக்கரம் எட்டில் ஒரு பங்கு சுற்றும். 1/60-க்கு வந்தால் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்து, சக்கரம் கால் சுற்றைத் தாண்டி, கம்பிகளெல்லாம் கரைந்து ஒரு பளபளப்பான வட்டமாகிவிடும். நீங்கள் கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பினால் கார் தெளிவாகவும் பின்னால் இருக்கிற புல்லும் கூட்டமும் கோடு கோடாகவும் விழும். இதைத்தான் பேனிங் என்கிறோம். எந்த இடத்தில் எந்த வேகம் என்பதற்கு ஒரே விடை கிடையாது. நேர்ச்சாலையில் 200 கிலோமீட்டரில் போகிற காருக்கு 1/200 போதும், வளைவில் 60, 70-க்கு இறங்கி வருகிற காருக்கு 1/60 வேண்டும். முதலில் 1/250-ல் தொடங்கி, கையில் பிடிபடப் பிடிபட ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குங்கள்.

பழைய கார்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் இதுதான் அடிப்படை. இன்றைய பந்தயக் காரில் ஓட்டுநர் ஒளிந்திருக்கிறார், ஹெல்மெட்டின் மேல் பாதிதான் தெரியும். 1950-களின் மசராட்டி 250எஃப் மாதிரி ஒரு காரைப் பாருங்கள். எஞ்சின் முன்னால், ஓட்டுநர் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், பெரிய ஸ்டீயரிங், தோளும் முழங்கையும் வெளியே தெரியும், பலர் கண்ணாடி மாட்டிய திறந்த ஹெல்மெட்டில் ஓட்டுவார்கள் என்பதால் பல்லைக் கடிப்பது வரை தெரியும். டயர்கள் ஒல்லி. அதனால் வளைவில் நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், மூக்கு உள்ளே பார்க்கும், ஸ்டீயரிங்கை அவர் எதிர்ப்பக்கம் ஒடித்துப் பிடித்திருப்பார். அந்த மனிதர் வேலை செய்கிறார், அது நம் கண்முன்னால் நடக்கிறது. அதைப் படத்தில் கொண்டுவருவதற்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். காரின் பளபளப்பு வேண்டுமென்றால் மியூசியத்தில் நிதானமாக எடுக்கலாம். 1962-ல் வந்த லோட்டஸ் 25-லிருந்து ஓட்டுநர்கள் ஏறக்குறைய மல்லாந்து படுத்துவிட்டார்கள், அதன்பிறகு ஹெல்மெட்டைத் தவிர அதிகம் கிடைக்காது. அதனால் ஒரு நாளில் பத்துப் பந்தயம் இருந்தால், முன்பக்க எஞ்சின் வைத்த பழைய கார்கள் ஓடுகிற பந்தயத்துக்கு உங்கள் நல்ல இடத்தையும் நல்ல வெளிச்சத்தையும் ஒதுக்கி வையுங்கள்.

அண்ணா, பேனிங் முயற்சி செய்கிறேன். 1/60-ல் எடுத்தால் ஐம்பது படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. கேமரா கோளாறா, கை கோளாறா?
*கல்லூரி மாணவர், கோவை*

இரண்டும் இல்லை தம்பி. 1/60-ல் நன்றாக எடுக்கிறவர்களுக்கே பெரும்பாலான படங்கள் குப்பைக்குத்தான் போகும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

நிற்கிற விதத்திலிருந்து ஆரம்பி. கார் எந்த இடத்தில் உன் எதிரே வரும்போது படம் வேண்டுமோ, அந்த இடத்தைப் பார்த்துக் காலை ஊன்று. பிறகு இடுப்பை மட்டும் திருப்பிக் கார் வருகிற திசைக்குப் போ. முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்கட்டும். கார் தூரத்தில் தெரியும்போதே ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி, தொடர் ஃபோகஸ் முறையில் பிடித்து, இடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டே வா. உடம்பு இயல்பு நிலைக்கு வருகிற இடத்தில்தான் திருப்பம் சீராக இருக்கும், அங்கே மூன்று நான்கு படம் எடு. எடுத்து முடித்ததும் நிறுத்திவிடாதே, கார் தாண்டிப் போன பிறகும் திரும்பிக்கொண்டே இரு. நிறைய பேர் பட்டனை அழுத்துகிற நொடியில் கையையும் நிறுத்திவிடுகிறார்கள், பாதிப் படம் அதனால்தான் கெடுகிறது.

ஃபோகஸ் புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால், ஹெல்மெட்டில். கார் நம்மைக் குறுக்காகக் கடக்கும்போதுதான் முழுக் காரும் ஒரே சீராக நகரும். கொஞ்சம் முன்பக்கம் தெரிகிற கோணத்தில் எடுத்தால் மூக்கு ஒரு வேகத்திலும் வால் ஒரு வேகத்திலும் படச் சட்டத்துக்குள் நகரும், எவ்வளவு நன்றாகத் திருப்பினாலும் ஏதாவது ஒரு முனை கலங்கத்தான் செய்யும். ஓட்டுநர் தெளிவாக இருந்து வால் கலங்கியிருந்தால் அந்தப் படத்தை அழித்துவிடாதே, பல நேரம் அதுதான் அன்றைய நல்ல படம். லென்சில் அதிர்வு தடுப்பு இருந்தால் பேனிங்குக்கென்று தனி நிலை இருக்கிறதா பார், சில லென்சுகளில் "2" என்று போட்டிருப்பார்கள். அது மேலும் கீழுமான நடுக்கத்தை மட்டும் தடுக்கும், நீ பக்கவாட்டில் திருப்புவதோடு மல்லுக்கட்டாது.

பழக வேண்டுமென்றால் பந்தயத் தடம் வேண்டாம். அவிநாசி ரோட்டில் பாதுகாப்பான நடைபாதையில் நின்று போகிற டவுன் பஸ்ஸையும் டூவீலரையும் எடு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஸ்கூட்டரை 1/30-ல் பிடிக்கப் பழகிவிட்டால், 120-ல் போகிற கார் 1/100-ல் உனக்குச் சுலபம்.

என்னிடம் 55-250 மி.மீ. சாதாரண கிட் லென்ஸ்தான் இருக்கிறது. எஃப் 2.8 லென்ஸ் இல்லாமல் ரேஸ் எடுக்கப் போவது வீண் என்கிறார் நண்பர். கடன் வாங்கியாவது வாங்கலாமா?
*வாசகி, டொராண்டோ*

வாங்க வேண்டாம். எஃப் எண் குறையக் குறைய லென்சின் துளை, அதாவது அப்பர்ச்சர், பெரிதாகும்; எஃப் 2.8 லென்சின் பலம் வெளிச்சத்தை அள்ளுவது. நாமோ பட்டப்பகலில் 1/125-ல் எடுக்கப் போகிறோம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணர்கிற அளவு) 100, ஷட்டர் 1/125 என்றால் அப்பர்ச்சர் எஃப் 11-க்கும் 16-க்கும் போய்விடும். அந்த இடத்தில் விலையுயர்ந்த லென்சுக்கும் உங்கள் லென்சுக்கும் படத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு என்டி ஃபில்டர், வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி. மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) குறைக்கிற ஒன்றை வாங்கினால் வெயிலிலும் 1/30 வரை இறங்கலாம். அதற்கு முன்னால் சென்சாரைச் சுத்தம் செய்துவிடுங்கள், எஃப் 16-ல் ஒவ்வொரு தூசியும் வானத்தில் புள்ளியாகத் தெரியும்.

சின்ன சென்சார் கேமராவில் 250 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேமில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாரில்) 400 போல நெருக்கிக் காட்டும். அதுவே தாராளம். அதற்கு மேல் போனால் வெயில் நாளில் தார் ரோட்டிலிருந்து எழும்புகிற அனல் அலை படத்தைக் கலக்கிவிடும், எந்த லென்சாலும் அதைச் சரிசெய்ய முடியாது. நெருங்கி நிற்பதுதான் வழி.

குட்வுட்டுக்கு முதல் தடவை போகிறோம். எங்கே நின்றால் நல்ல படம் கிடைக்கும்?
*வாசகர், ரெடிங்*

குட்வுட் தடம் 3.8 கிலோமீட்டர், கார்கள் கடிகாரச் சுற்றில் ஓடும். கார்களைப் பழுதுபார்க்கிற பிட் பகுதியை ஒட்டிய நேர்ச்சாலை முடிந்ததும் மேட்ஜ்விக் என்கிற நீண்ட வலது வளைவு, அடுத்து ஃபோர்ட்வாட்டர், பிறகு இடதுபுறம் திரும்புகிற செயின்ட் மேரீஸ், அதன்பின் லவான்ட், நீண்ட நேர்ச்சாலை, வுட்கோட், கடைசியில் ஷிகேன் என்கிற குறுகிய நெளிவு.

பெரும்பாலான கூட்டம் ஷிகேனில்தான் சேரும். பிரேக் பிடித்து மூக்குக் குத்தி வருகிற கார்கள், தள்ளுமுள்ளு எல்லாம் அங்கே கிடைக்கும், கார்களும் மெதுவாக வரும் என்பதால் புதியவர்களுக்கு வசதி. ஆனால் என்னைக் கேட்டால் செயின்ட் மேரீஸ். பிரிட்டிஷ் பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸ் 1962 ஈஸ்டர் திங்களன்று விபத்தில் சிக்கி, அவருடைய முன்னணிப் பந்தய வாழ்க்கையே முடிந்துபோன இடம் அதுதான். வேகமாக வந்து இடதுபுறம் திரும்பும்போது கார் நிலைகொள்ளாமல் தவிப்பதும், ஓட்டுநர் அதைத் தோளால் அடக்குவதும் அங்கே பச்சையாகத் தெரியும். முதல் கேள்விக்குச் சொன்னேனே, அந்த வேலையைப் பார்க்க இதைவிட நல்ல இடம் அந்தத் தடத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

வளைவின் எந்தப் பக்கம் நிற்பது என்பதும் முக்கியம். வளைவு முடிகிற இடத்தில் வெளிப்பக்கம் நின்றால் கார் உங்களை நோக்கி வழுக்கி வரும், எதிர்ப்பக்கம் ஒடித்த முன்சக்கரங்கள் தெரியும். உள்பக்கம் நிற்க வழி இருந்தால் சலூன் கார்ப் பந்தயத்தை அங்கிருந்து எடுங்கள். லோட்டஸ் கோர்ட்டினா வளைவில் உள்பக்கத்து முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போவது அந்தக் காலத்திலேயே பேர்பெற்ற காட்சி. அதன் பக்கத்திலேயே ஃபோர்ட் கேலக்ஸி மாதிரி ஒரு பிரம்மாண்ட அமெரிக்கக் காரும் குட்டி மினியும் ஒரே பந்தயத்தில் ஓடும். இரண்டையும் ஒரே படத்தில் சேர்த்துப் பிடித்தால், எப்பேர்ப்பட்ட பந்தயம் என்று வேறு விளக்கமே தேவையில்லை.

ஒரு நாள்தான் போக முடியும் என்றால் வெள்ளிக்கிழமையைப் பாருங்கள். பயிற்சி ஓட்டங்கள் அன்றைக்கு நிறைய இருக்கும், வார இறுதியைவிட இடம் பிடிப்பது சுலபம், ஒவ்வொரு கார் வகையும் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். சாயங்காலம் சூரியன் தாழ்ந்த பிறகு கிளம்பிவிடாதீர்கள். செப்டம்பர் மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது திறந்த காரில் ஓட்டுநரின் முகத்தில் வெளிச்சம் வரும், நடுப்பகலில் அது ஹெல்மெட் நிழலில் கறுத்துவிடும்.

காதையும் பயன்படுத்துங்கள். பிரிட்டிஷ் அணியான பிஆர்எம்மின் 1.5 லிட்டர் வி16 எஞ்சின் வீறிடுவதையும் அமெரிக்க வி8 உறுமுவதையும் ஒரு சுற்றுக் கேட்டுவிட்டால் போதும், அடுத்த சுற்றில் வளைவுக்கு அப்பால் வருவது எந்தக் கார் என்று பார்க்காமலே தெரிந்துவிடும், கேமராவைத் தயாராகத் தூக்கிவிடலாம்.

போனில் எடுத்தால் கார் சாய்ந்து, சக்கரம் முட்டை மாதிரி விழுகிறது. போன் கெட்டுவிட்டதா?
*வாசகர், மதுரை*

போன் நன்றாகத்தான் இருக்கிறது. போன் சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவு செய்வதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. மேல் வரியைப் படித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் கார் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது, அதனால் சாய்கிறது.

இதில் ஒரு சுவையான வரலாறும் உண்டு. பிரான்ஸ்காரரான ஷாக்-ஹென்றி லார்ட்டிக், 1910-களின் தொடக்கத்தில், இருபது வயது நிரம்பாத பையனாக, பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் ஒரு காரை எடுத்தார். அந்தக் கேமராவின் ஷட்டர் ஒரு பிளவு மாதிரி கண்ணாடித் தகட்டின் குறுக்கே நகர்ந்து படத்தைப் பதிக்கும். அவர் காரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பினார், ஆனால் காரின் வேகத்துக்கு எட்டவில்லை. விளைவு, சக்கரம் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்தது, பின்னால் நின்ற ஆட்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்தன. பல வருஷம் பெட்டியில் கிடந்த அந்தப் படம் இன்றைக்கு வேகத்தைக் காட்டிய படங்களில் உலகப் புகழ்பெற்றது. ஆகவே சாய்வு எப்போதுமே கெடுதல் என்று நினைக்க வேண்டாம்.

உங்களுக்குச் சாயாத படம்தான் வேண்டுமென்றால் போனைக் காரோடு சரிசமமாகத் திருப்புங்கள், அல்லது கார் உங்களை நோக்கி வருகிற இடத்தில் நில்லுங்கள். போனில் அப்பர்ச்சர் சுருங்காது என்பதால் வெயிலில் அது தானாகவே 1/4000 பக்கம் போய்விடும், சக்கரம் உறைந்துவிடும். போனில் மாட்டுகிற ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்று இருந்தால் 1/60-க்கு இறக்கலாம். மேகமூட்டமான நாளில் அதற்குக் குறைவானதே போதும். மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரிலும் இதே சாய்வு வரும், பந்தயத்துக்கு மெக்கானிக்கல் ஷட்டரை வையுங்கள்.

கம்பி வலைக்குப் பின்னால்தான் இடம் கிடைக்கிறது. வலை படத்தில் விழாமல் எடுக்க முடியுமா?
*வாசகி, சிங்கப்பூர்*

முடியும். லென்சை வலையை ஒட்டி வைத்து, கார் தூரத்தில் இருக்கும்போது, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுத்தால் வலை கரைந்துவிடும். பேனிங் செய்யும்போது வலை அதுவாகவே தேய்ந்து மெல்லிய மூட்டமாகிவிடும், எடிட்டிங்கில் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏற்றினால் போதும். வலையில் வெயில் நேராகப் பட்டால் மட்டும் எதுவும் உதவாது, நிழல் விழும் பகுதிக்கு மாறிவிடுங்கள்.

பழைய கார் என்பதால் எல்லாப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக, அல்லது பழுப்பு நிறமாக மாற்றுகிறேன். அந்தக் காலத்து உணர்வு வருகிறது. சரிதானே?
*வாசகர், ஈரோடு*

பழுப்பு வேண்டாம் என்று கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். அது 19-ஆம் நூற்றாண்டு ஸ்டூடியோப் படங்களின் நிறம், 1950-களில் ஓடிய காருக்கு அதை ஏற்றினால் காலமே தப்பாகிவிடுகிறது. கோடாக்ரோம் கலர் ஃபிலிம் 1935-லேயே வந்துவிட்டது, இந்தக் கார்கள் ஓடிய காலத்தை அன்றைக்கே வண்ணத்தில் எடுத்திருக்கிறார்கள்.

வண்ணத்தை நீக்கினால் இழப்பதும் அதிகம். அப்போது பந்தயக் கார்களுக்கு நாட்டுக்கு ஒரு நிறம்: இங்கிலாந்துக்குக் கரும்பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளி. ஃபார்முலா ஒன்னில் விளம்பர நிறங்கள் 1968-ல்தான் வந்து குவிய ஆரம்பித்தன. அதற்கு முந்தைய காரில் உடம்பு முழுக்க ஒரே நிறம், ஒரு வட்டம், ஒரு எண், அவ்வளவுதான். பேனிங்கில் பின்னணி கரைந்து, அந்த ஒற்றைச் சிவப்பு மட்டும் தெளிவாக நிற்கும்போது கிடைக்கிற அழகு எந்த ஃபில்டரிலும் வராது.

கறுப்பு வெள்ளை வேறு விஷயம். முகங்கள், எண்ணெய் படிந்த கைகள், மழை, இவற்றுக்கு அது நன்றாகவே பொருந்தும். படம் கேட்டால் கொடுங்கள், கார் பழையது என்பதற்காகக் கொடுக்க வேண்டாம்.

டிரைபாட் கொண்டு போகலாமா? ஃபிளாஷ்?
*வாசகர், திருச்சி*

டிரைபாட் கூட்டத்தில் இடைஞ்சல், பல இடங்களில் விடவும் மாட்டார்கள். கனமான லென்ஸ் என்றால் ஒற்றைக்கால் மோனோபாட் போதும். ஓடுகிற காரை நோக்கி ஃபிளாஷ் கூடவே கூடாது, ஓட்டுநரின் கண் கூசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கார் ஓடாத நேரத்தில் பேடாக்கில் என்ன எடுப்பது? ஆட்களை எடுக்கத் தயக்கமாக இருக்கிறது.
*வாசகி, பாரிஸ்*

பேடாக் என்பது கார்களை நிறுத்தி வேலை பார்க்கிற இடம். இப்போதைய ஃபார்முலா ஒன்னில் சாதாரண டிக்கெட்டில் அங்கே எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பழைய கார்ப் பந்தயங்கள் பலவற்றில் பார்வையாளர்களையும் விடுகிறார்கள், உங்கள் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே போனவுடன் எல்லோரும் செய்வது, காரை மூலைவாட்டில் நின்று முழுசாக எடுப்பது. அந்தப் படம் எல்லோரிடமும் இருக்கும். அதற்குப் பதிலாகக் குனிந்து, மண்டியிட்டு, மெக்கானிக்கின் கை உயரத்துக்கு வாருங்கள். கார்புரேட்டரைத் திருகுகிற விரல்கள், தேய்ந்த பெடல், ஸ்டீயரிங்கில் கைபட்டுப் பட்டுக் கறுத்த மரம், பந்தயத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் கையுறையை இழுத்து மாட்டுகிற ஓட்டுநர். 50 மி.மீ. அல்லது 35 மி.மீ. லென்ஸ் போதும்.

தயக்கம் போக ஒரே வழி, பேசுவது. "இந்தக் கார் எந்த வருஷம், யார் ஓட்டியது?" என்று கேட்டுப் பாருங்கள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியைப் போல இனிப்பானது வேறு இல்லை, எஞ்சின் மூடியைத் திறந்தே காட்டுவார்கள். எடுக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டால்கூடப் போதும். குழந்தைகளை எடுக்கும் முன் பெற்றோரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். ஓட்டுநர் காரில் ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டத் தொடங்கிவிட்டால் ஒதுங்கிவிடுங்கள், அது அவருடைய நேரம்.

பின்னணியைக் கவனியுங்கள். குட்வுட்டில் எல்லோரும் தொப்பியும் கோட்டுமாக வந்திருப்பார்கள், ஆனால் கையில் போன் இருக்கும், தோளில் நைலான் பை இருக்கும். அரை அடி நகர்ந்தால் அது ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்துவிடும். கம்ப்யூட்டரில் அழிப்பதைவிட அங்கேயே நகர்வது மேல்.

நம் ஊரில் இப்படிப் பழைய கார்ப் பந்தயம் கிடையாதே. சென்னையில் இருக்கிறவன் என்ன செய்வது?
*வாசகர், அண்ணா நகர், சென்னை*

ஓடுகிற காரை எடுக்கப் பழக இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது, தேசியப் போட்டிகள் நடக்கும்போது போய் நில்லுங்கள். கார் புதியதாக இருந்தாலும் கை பழகிவிடும்.

ஆனால் உங்களிடம் நான் கேட்க நினைப்பது வேறொன்று. குட்வுட் போலவே நம் சோழவரமும் போர்க்கால விமான ஓடுதளம்தான். 1950-களிலிருந்து 1980-கள் வரை அங்கே பந்தயம் நடந்தது, ஃபியட்டும் அம்பாசடரும் ஹெரால்டும் ஓடின, சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். அப்போது எடுத்த ஃபிலிம் சுருள்கள் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கின்றன. உங்கள் அப்பா, பெரியப்பா, மாமா யாராவது சோழவரம் போனவர்களா என்று கேளுங்கள். நெகட்டிவ் கிடைத்தால் பிரிண்டை விட்டுவிட்டு நெகட்டிவையே ஸ்கேன் செய்யுங்கள், விவரம் அதில்தான் அதிகம். ஒட்டிக்கொண்ட நெகட்டிவைப் பிய்க்க வேண்டாம், தெரிந்த ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். அப்புறம் அந்தப் படத்தோடு மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வருஷம், எந்தக் கார், ஓட்டியது யார் என்று பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். புதிதாக ஆயிரம் படம் எடுப்பதைவிட இது அவசரமான வேலை என்று நினைக்கிறேன்.

லே மான் கிளாசிக் போகிறேன். ராத்திரி எப்படி எடுப்பது?
*வாசகர், ஸ்ட்ராஸ்பூர்க்*

கொடுத்துவைத்தவர் நீங்கள். பிரான்சின் லே மானில் 13 கிலோமீட்டருக்கும் மேலான முழுத் தடத்திலும் பழைய கார்களைக் காலவாரியாகப் பிரித்து, மாறி மாறி, ராத்திரி முழுக்க ஓட்டுகிறார்கள். தெருவிளக்கோ பார்வையாளர் அரங்கின் வெளிச்சமோ கொஞ்சம் படுகிற வளைவைத் தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓ 3200-லிருந்து 6400, ஷட்டர் 1/30 அல்லது 1/60, அப்பர்ச்சர் திறந்தபடி. எஃப் 2.8 லென்ஸ் உண்மையில் உதவுவது இங்கேதான், ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு விளக்கு நேராக லென்சுக்குள் விழுந்தால் ஃபோகஸ் தடுமாறும். கார் உங்களைக் கடக்கிற இடத்தில் ரோட்டின் மேல் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

நீண்ட நேர்ச்சாலை முடிந்து பலமாகப் பிரேக் பிடிக்கிற இடத்தில் நின்றால் டிஸ்க் பிரேக் வைத்த கார்களின் சக்கரத்துக்குள் சிவப்பாகக் கனல்வது தெரியும், ஆக்சிலரேட்டரை விடும்போது சில கார்களின் புகைக்குழாயில் தீயும் வரும். இன்னொன்று, 1993 வரை பிரான்சில் கார்களுக்கு மஞ்சள் முகப்பு விளக்கு கட்டாயமாக இருந்தது, இங்கே ஓடுகிற பல பழைய கார்களில் இன்னும் அதே மஞ்சள்தான். கேமராவின் தானியங்கி வைட் பேலன்ஸ் (நிறச் சமன்) அதைப் பிழை என்று நினைத்து வெளுக்க வைத்துவிடும். அதை அணைத்துவிட்டு டேலைட்டில் பூட்டுங்கள், பிறகு நிறத்தைத் திருத்த வசதியான ரா கோப்பில் எடுங்கள். கூடுதல் பேட்டரி இரண்டு, ஒரு ஸ்வெட்டர், ஒரு ஃபிளாஸ்க் காபி. விடிகிற வேளையில் பனியும் மஞ்சள் விளக்கும் சேர்ந்து இருக்கிற அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள், அந்த நேரத்தில்தான் நிறைய பேர் கூடாரத்துக்குத் தூங்கப் போய்விடுவார்கள், வேலியோரம் எந்த இடம் வேண்டுமோ கிடைக்கும்.